அப்பாவின் புல்லட்டை விற்கும் முன் கார்புரேட்டரைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: என் அப்பா 1993-ல் வாங்கிய புல்லட் 350 வீட்டில் இருக்கிறது. விதை நெல்லும் உர மூட்டையும் அதில்தான் வரும். அப்பா இப்போது இல்லை. இரண்டு வருடம் முன்பு என் மகன் ஹேண்டில்பாரையும் சைலன்சரையும் மாற்றினான். ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு கூம்பு ஃபில்டர் போட்டான். மழைக்காலத்தில் மூன்று மாதம் கொட்டகையில் நின்றது. இப்போது சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஓட்டினால் இன்ஜின் அதிகமாகச் சூடாகிறது. ஆக்சிலேட்டரைக் குறைத்தால் சைலன்சரில் வெடிக்கிறது. ஒரு மெக்கானிக் புது கார்புரேட்டர் போடச் சொல்கிறார். இன்னொருவர் இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். விற்றுவிடலாமா? பயிர்க் கேள்வி இல்லை, மன்னிக்கவும்.
- ஒரு வாசகர், சுரக்குடி, காரைக்கால்

பதில்: மன்னிப்புக்கு அவசியமில்லை ஐயா. நம் கொட்டகையில் நிற்கும் எல்லாமே விவசாயக் கேள்விதான். விற்பதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள்.

நெற்பயிர் மஞ்சளாகத் தெரிந்தவுடன் யூரியா வீசக் கூடாது என்று பலமுறை எழுதியிருக்கிறேன். தழைச்சத்துக் குறையா, துத்தநாகக் குறையா, தண்ணீர் தேங்கியதா என்று பார்த்துத்தான் வைத்தியம் செய்ய வேண்டும். வண்டிக்கும் அதுதான் முறை. நீங்கள் சொல்லும் மூன்று அடையாளங்களும் ஒன்றையே காட்டுகின்றன: இன்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. சோக் போட்டால் பெட்ரோல் கூடும், அதனால்தான் அப்போது மட்டும் ஓடுகிறது.

இதற்கு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது, உங்கள் மகன் செய்த மாற்றம். கூம்பு ஃபில்டரும் திறந்த சைலன்சரும் காற்றை அதிகம் விடும். கார்புரேட்டரில் உள்ள ஜெட் பழைய அளவிலேயே இருக்கிறது.

இரண்டாவது, பெட்ரோல். 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, இன்று பரவலாக அதுதான் கிடைக்கிறது. நம் கரும்பு, மக்காச்சோளம், அரிசியில் இருந்து வருவதுதான் அந்த எத்தனால். அதிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட்டில் கலவை இன்னும் கொஞ்சம் வறண்டுபோகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். காரைக்காலில் விலை குறைவு என்று கேனில் வாங்கி மாதக்கணக்கில் வைத்திருக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வீட்டுக்கும் ஆபத்து, இன்ஜினுக்கும் கேடு.

மூன்றாவது, மூன்று மாதம் நின்றதில் சிறிய ஜெட் அடைத்திருக்கும். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி படியும்.

இனி வேலையைத் தொடங்கலாம். திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

1. டேங்க்கில் உள்ள பழைய பெட்ரோலை இறக்கி, கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அந்தப் பெட்ரோல் வேண்டாம். டேங்க்கையும் டேப் வடிகட்டியையும் சுத்தம் செய்யுங்கள்.

2. கார்புரேட்டரைத் தொடும் முன் பிளக்கையும் பாயிண்டையும் பாருங்கள். பாயிண்ட் கருகியிருந்தாலும் வண்டி இதே மாதிரி தொல்லை தரும்.

3. உங்கள் வண்டியில் பெரும்பாலும் மிக்கார்ப் கார்புரேட்டர் இருக்கும். ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் சென்னை யூக்கால் நிறுவனம் செய்தது. கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். காற்றுத் திருகை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்பி, எத்தனை சுற்று என்று எழுதிக்கொண்டு பிறகு கழற்றுங்கள். நீடிலில் கிளிப் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

4. ஜெட்டின் ஓட்டையில் ஊசியோ கம்பியோ விடாதீர்கள். பித்தளை தேய்ந்தால் ஜெட்டின் அளவே மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, காற்றுப் பம்பு, மெல்லிய நைலான் தூண்டில் நரம்பு போதும். ரப்பர் பாகங்களைக் கிளீனரில் போட வேண்டாம். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் மாற்றுங்கள். ஃப்ளோட் ஊசியின் முனையில் வளையமாகத் தேய்மானம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். ஓ-ரிங், கேஸ்கெட், பெட்ரோல் டியூப் எல்லாம் புதிதாகவே போடுங்கள். எத்தனாலைத் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்குங்கள்.

5. மாட்டும்போது ஸ்லைடின் வெட்டுப் பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்திருக்க வேண்டும். இன்ஜினோடு சேரும் போல்ட்டுகளை அளவுக்கு மேல் முறுக்கினால் முகம் வளைந்து அங்கே காற்று புகும். பிறகு எந்தத் திருகைத் திருப்பினாலும் பயன் இருக்காது.

6. பழைய ஏர் ஃபில்டர் பெட்டி பரணில் இருந்தால் அதையே மாட்டுங்கள். அறுவடைக் காலத் தூசி உள்ளே போனால் பிஸ்டனும் சிலிண்டரும் தேயும். சைலன்சரும் பழையதே நல்லது. மாற்றிய சைலன்சருக்கு அபராதமும் உண்டு. இவை இரண்டையும் திருப்பி மாட்டினாலே பாதித் தொல்லை தீரும்.

இப்போது டியூனிங். பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும் காற்றுத் திருகை, உள்ளே முட்டிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே வையுங்கள். உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும், வெளியே திருப்பினால் காற்று கூடும். கால் சுற்றாகத் திருப்பி, இன்ஜின் எங்கே வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஸ்லோ திருகில் வேகத்தைக் குறையுங்கள். ஒரு சுற்றுக்கும் குறைவாக வைத்தால்தான் ஓடுகிறது என்றால், பைலட் ஜெட் ஒரு அளவு பெரிதாக வேண்டும்.

காற்றுத் திருகு, ஆக்சிலேட்டர் கால் பங்கு திறக்கும் வரைக்கும்தான். கால் முதல் முக்கால் வரை நீடிலின் வேலை. அங்கே திணறினால் கிளிப்பை ஒரு வரி கீழே இறக்குங்கள், நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். அதற்கு மேல் மெயின் ஜெட். மகன் கூம்பு ஃபில்டர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், மெயின் ஜெட்டையும் ஒவ்வொரு அளவாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஓட்டிப் பார்த்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நல்ல காபித் தூள் நிறம் என்றால் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, அப்படியே ஓட்டக் கூடாது.

இதை வற்புறுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு பழைய புல்லட் வைத்திருந்தேன். சம்பளம் குறைவு, பெட்ரோலை மிச்சம் பிடிக்கலாம் என்று நானே சின்ன மெயின் ஜெட் போட்டேன். ஒரு மாதம் மைலேஜ் கூடியது, பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். ஒரு நாள் இரண்டு விதை மூட்டையோடு வாஞ்சூர் தாண்டி நாகூர் போகும்போது இன்ஜின் இறுகிப் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பெட்ரோல் எரிவதற்கு மட்டுமல்ல, உள்ளே குளிரூட்டவும் உதவுகிறது என்று மெக்கானிக் சொல்லித்தான் புரிந்தது. ஒரு வருடம் மிச்சம் பிடித்திருந்தாலும் அந்தச் செலவுக்குக் காணாது. உங்கள் வண்டி சூடாகிறது, வெடிக்கிறது என்று படித்தவுடன் எனக்கு அந்த வெயில்தான் நினைவுக்கு வந்தது. சரிசெய்யும் வரை தயவுசெய்து மூட்டை ஏற்றி ஓட்ட வேண்டாம்.

இவ்வளவு செய்தும் சூடு குறையவில்லை என்றால் இன்ஜினை இறக்குவது பற்றி யோசிக்கலாம். ஆர்.சி. 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதையும் இன்சூரன்சையும் பார்த்துவிட்டு ரோட்டில் எடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோல் பவர் ஸ்பிரேயரிலும் களை வெட்டும் கருவியிலும் இருப்பது இதே கார்புரேட்டர் வேலைதான். மருந்தடித்து முடித்ததும் டேங்க்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். அடுத்த பூச்சித் தாக்குதல் வரும் நாளில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை வலிக்காது.

உங்கள் மகனையும் பக்கத்தில் உட்கார வைத்து இந்த வேலையைச் செய்யுங்கள் ஐயா. மாற்றியவன் அவன், சரிசெய்யவும் அவன் கற்றுக்கொள்ளட்டும். தாத்தாவின் வண்டி எப்படி ஓடுகிறது என்று அடுத்த மாதம் அவனையே எழுதச் சொல்லுங்கள்.