வெளி வயரைக் கழற்றினாலும் வேலை செய்யுமா?



எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வீட்டில் ஒருவரை மத்திய கிழக்குக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த குடும்பங்களுக்கு ஒலிநாடாக் கடிதத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எழுத நேரமில்லாதவர்களும், எழுதி மனம் ஆறாதவர்களும் கசெட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வந்த கசெட்டைச் சுற்றி வீடே கூடியிருந்து கேட்கும். பிறகு அது அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் போய்ச் சேரும். அப்படிப் பத்திரப்படுத்திய கசெட்டுகள் சில இன்றைக்கும் பேசுகின்றன.

இனி இன்றைய கதையைக் கேளுங்கள். என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவனின் தாய் ஒரு நாள் கைத்தொலைபேசி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "மௌலவி, இத எப்படியாவது எழுப்பித் தாங்க. உம்மா மௌத்தாகுறதுக்கு முந்தி அனுப்பின வொய்ஸ் எல்லாம் இதுக்குள்ளதான் ஈக்குது" என்றார். தண்ணீரில் விழுந்த போன் அது. பழுது பார்க்கும் இருவர் ஏற்கெனவே கைவிரித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்து நானும் கைவிரித்தேன். அந்தச் சகோதரி போனைத் திரும்ப வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு போன காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

முப்பது வருடத்துக் கசெட் பேசுகிறது. மூன்று வருடத்துப் போன் ஊமையாகிவிட்டது. குற்றம் யாருடையது? புதிய சாதனத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் குரல் ஒரேயொரு இடத்தில் மட்டும் இருந்தது. அதுதான் பிழை.

மௌலவிக்கு இந்தக் கணனி விளையாட்டெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெட்டியைக் கழற்றிப் பூட்டுவதும், வயர் இழுப்பதும் நெடுநாளாக எனக்குள்ள பைத்தியம். அந்தப் பைத்தியத்தில் கற்றுக்கொண்ட சிலவற்றை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். இது ஆண்பிள்ளைகளின் வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் காணி உறுதியையும் நகையையும் எங்கே வைத்தோம் என்று வீட்டில் யாரைக் கேட்கிறார்கள்? உங்களைத்தானே! படங்களும் குரல்களும் அந்த வரிசையில் சேர வேண்டிய சொத்துகள்.

ரவுட்டர் செய்யும் இரண்டு வேலைகள்

இணைய இணைப்புள்ள வீடுகளில் சிறு விளக்குகள் மின்னும் ஒரு பெட்டி இருக்கும். ரவுட்டர் என்கிறோம். அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. வெளியிலிருந்து வரும் இணையத்தை வீட்டிலுள்ள போன்களுக்கும் டீவிக்கும் கணனிக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. மற்ற வேலை பலருக்குத் தெரியாது. வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அவற்றைத் தமக்குள்ளே பேச வைப்பதும் அதுதான். பெரும்பாலான வீடுகளில் அந்த இலக்கங்கள் 192.168 என்று ஆரம்பிக்கும். அவை வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் விலாசங்கள்.

இதில் நமக்கென்ன லாபம்? சமையலறையிலிருந்து முன் அறைக்கு ஒரு கோப்பையைக் கொடுக்கத் தபால் கந்தோருக்குப் போவோமா? அதுபோல, ஒரு கணனியிலுள்ள கலியாண வீடியோவை அதே வீட்டிலுள்ள டீவியில் பார்ப்பதற்கு இணையம் தேவையே இல்லை. வெளி வயரைக் கழற்றி வைத்தாலும் ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும். மாத டேட்டாவில் ஒரு துளியும் குறையாது. இதை அறியாமல், தம் பிள்ளையின் படத்தைத் தம் வீட்டிலேயே பார்ப்பதற்கு ஒவ்வொரு தடவையும் எங்கோ ஒரு நாட்டிலுள்ள கணனிக்குப் போய்வருகிறோம்.

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயர் வந்து நுழைந்த மூலையிலேயே அதை வைத்துவிடுவது நமது வழக்கம். முடிந்தால் வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் வையுங்கள். இரும்பு அலுமாரிக்குப் பின்னாலும், மீன்தொட்டிக்குப் பக்கத்திலும், டீவிக்குப் பின்புறத்திலும் வேண்டாம். இரும்பு அலையைத் தடுக்கும். தண்ணீர் அதை உறிஞ்சும். அனேகமான ரவுட்டர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. முதலாவது சுவர்களைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் ஏறக்குறைய அதே அலையில்தான். அதனால்தான் சோறு சூடாக்கும் நேரத்தில் சில வீடுகளில் வீடியோ திக்கித் திணறுகிறது. இரண்டாவது வேகமானது, ஆனால் இரண்டு சீமெந்துச் சுவர் வந்தால் சோர்ந்துவிடும். டீவியைப்போல இடம் மாறாத பொருளுக்கு வைபை வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். ஒரு நெட்வேர்க் வயரை இழுத்துவிடுங்கள். 100 மீற்றர் வரை அது சளைக்காது.

வீட்டுக்குள் ஒரு பெட்டகம்

இப்போது அந்தச் சகோதரியின் கதைக்கு வருவோம். போன் என்பது பயணத்தில் இருக்கும் பொருள். விழும், நனையும், களவு போகும். எனவே அதிலுள்ளவை வீட்டில் ஓரிடத்தில் வந்து இறங்க வேண்டும். இதற்கென்றே ரவுட்டரோடு இணைக்கும் சேமிப்புப் பெட்டிகள் விற்கப்படுகின்றன. உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கும். வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் படங்களை அதிலே கொண்டுபோய் வைக்கலாம். விலை சற்று அதிகம்தான். ஆனால் ஒதுக்கி வைத்த பழைய கணனி ஒன்று இருந்தால் அதுவே இந்த வேலையைச் செய்யும். சில ரவுட்டர்களின் பின்னால் யூஎஸ்பி துவாரம் இருக்கிறது. அதில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகினாலே வீடு முழுவதும் பார்க்கலாம். ஒரு படம் 3 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் ஒரு டெராபைட் டிஸ்க்கில் மூன்று இலட்சம் படங்களுக்கு மேல் கொள்ளும். உங்கள் பேரப்பிள்ளைகளின் படங்களுக்கும் இடம் மிஞ்சும்.

பெட்டியிலுள்ளதை டீவியில் காட்டவும் வழியுண்டு. 2018ஆம் ஆண்டில் ஆரம்பமான ஜெலிஃபின் என்ற மென்பொருள் இலவசமானது. அதைப் பழைய கணனியில் போட்டுவிட்டால் வீட்டு வீடியோக்களையும் பயான்களையும் டீவியிலும் போனிலும் வரிசையாகக் காட்டும். பெரிய வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். விளையாட்டில் கழியும் ஒரு விடுமுறை உருப்படியாகும்.

இரண்டு பெட்டிகளின் கதை

வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் இப்படியான சாதனங்களைக் கேட்டு வாங்குவோர் இந்த இரண்டு கதைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் ரெவால்வ் என்றொரு பெட்டி சுமார் 300 டொலருக்கு விற்கப்பட்டது. வீட்டு விளக்குகளையும் மற்றச் சாதனங்களையும் போனிலிருந்தே இயக்கலாம். 2014இல் நெஸ்ட் நிறுவனம் அந்தக் கம்பனியை வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவையை நிறுத்தியது. பெட்டி பழுதாகவில்லை, உடையவில்லை. ஆனாலும் ஒரே நாளில் வெறும் பிளாஸ்டிக் துண்டாகிப் போனது. ஏனென்றால் அதன் மூளை வாங்கியவரின் வீட்டில் இருக்கவில்லை, கம்பனியின் கணனியில் இருந்தது.

மற்றக் கதை ஸ்குவீஸ்பொக்ஸ் என்ற ஒலிப் பெட்டியுடையது. கணனியிலுள்ள ஒலிப்பதிவுகளை வீட்டு வலையமைப்பின் வழியாக வேறு அறைகளில் கேட்க உதவும் பெட்டி இது. 2003இல் வந்தது. 2006இல் லொஜிடெக் நிறுவனம் அதைத் தயாரித்த கம்பனியை வாங்கியது. 2012இல் உற்பத்தியை நிறுத்தியது. 2024இல் அதற்கான இணையச் சேவையையும் மூடியது. பெட்டி செத்துப் போனதா? இல்லை. அதை இயக்கும் மென்பொருளை எவரும் தம் வீட்டுக் கணனியிலேயே போட்டுக்கொள்ளலாம். அதன் மூலநிரல் திறந்து வைக்கப்பட்டிருந்ததால் ஆர்வலர்கள் கூடி இன்றும் அதைப் பராமரித்து வருகிறார்கள். கம்பனி கைவிட்ட பிறகும் அந்தப் பெட்டிகள் பாடிக்கொண்டே இருக்கின்றன.

வித்தியாசம் புரிகிறதல்லவா? வாங்கிய புத்தகங்களுக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. மைக்ரோசொஃப்ட் தனது மின்நூல் கடையை மூடியபோது, 2019 ஜூலையில் வாடிக்கையாளர்கள் வாங்கியிருந்த நூல்கள் திறக்க முடியாமற் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது உண்மை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய நூலை அலுமாரியிலிருந்து ஒருவர் எடுத்துப் போய்விட்டு, காசை மேசையில் வைத்தால் நாம் என்ன சொல்வோம்? 2025 மார்ச்சில் டீவியில் செருகும் குரோம்காஸ்ட்டின் இரண்டாந்தலைமுறைச் சாதனங்கள் உலகெங்கும் திடீரென்று வேலையை நிறுத்தின. உள்ளேயிருந்த பத்து வருடக் காலவரையறையுள்ள ஒரு மின்சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. சில நாட்களில் கூகுள் அதைச் சரிசெய்தது. சரிசெய்ய மனமில்லாத கம்பனியாக இருந்திருந்தால்?

ஆகவே எந்தச் சாதனத்தை வாங்குவதற்கு முன்னும் ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: "வெளி வயரைக் கழற்றினாலும் இது வேலை செய்யுமா?" செய்யுமென்றால் அது உங்கள் பொருள். செய்யாதென்றால் காசு கொடுத்தும் இரவல் வாங்குகிறீர்கள். இரவல் வாங்குவது குற்றமல்ல. இரவல் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

ஒன்று போதாது

பெட்டகம் வைத்தாயிற்று, இனிப் பயமில்லை என்று இருந்துவிட வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கும் ஒரு நாள் நிற்கும். பென் டிரைவ் எடுத்துச் செல்வதற்கு நல்லது, வருடக்கணக்கில் பூட்டி வைப்பதற்கு நம்பிக்கையானதல்ல. சில பெட்டிகளில் இரண்டு டிஸ்க் இருக்கும். ஒன்றில் உள்ளது மற்றதிலும் தானாகப் பதியும். ஒரு டிஸ்க் பழுதானால் அது உதவும். ஆனால் பிள்ளை தவறுதலாக ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். எனவே தனியான இன்னொரு பிரதி வேண்டும். அது வேறொரு வீட்டில் இருக்க வேண்டும்.

ஏன் வேறு வீட்டில்? 2004 டிசம்பர் 26ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். கிழக்கிலும் தெற்கிலும் கடலோர ஊர்களில் உயிர் தப்பியவர்கள் பலருக்கு, போனவர்களின் முகத்தைப் பார்க்க ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அல்பமும் அலுமாரியும் ஒரே வீட்டில் இருந்தன. கடல் இரண்டையும் கொண்டு போனது. தூரத்து ஊர்ச் சொந்தக்காரர் வீட்டில் இன்னொரு பிரதி இருந்தவர்களுக்கே அந்த ஆறுதல் கிடைத்தது. இன்று அந்தப் பிரதியை எடுக்கச் சில மணி நேரம் போதும். ஒரு ஹார்ட் டிஸ்க்கை நிரப்பி, ராத்தா வீட்டில் கொடுத்து வையுங்கள். அவருடையதை நீங்கள் வாங்கி வையுங்கள். ஒருவருக்கொருவர் அமானிதமாக இருக்கட்டும். வருடத்துக்கு இரண்டு தடவை புதுப்பித்தால் போதும். இணையத்திலும் ஒரு பிரதி இருந்தால் நல்லதே. அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதே நான் சொல்வது.

இன்னும் இரண்டு சிறு விடயங்கள். முக்கியமான படத்தை வட்ஸ்அப்பில் வழமைபோல அனுப்பினால் அதன் அளவும் தெளிவும் குறைந்தே போய்ச் சேரும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் உள்ளபடியே போகும். அடுத்தது, கடவுச்சொல். ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாற்றியதை ஒரு கொப்பியில் எழுதி, காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். கடவுச்சொல் ஒருவர் தலையில் மட்டும் இருந்து, அவருக்கு ஏதும் நேர்ந்துவிட்டால் பெட்டகமே கப்றாகிவிடும்.

சகோதரிகளே! இவ்வளவும் ஒரே நாளில் ஆகிற காரியமல்ல. ஆனால் ஒன்றை இன்றைக்கே செய்யலாம். உங்கள் போனைத் திறந்து, இழந்தால் திரும்பக் கிடைக்காதது எது என்று தேடிப் பாருங்கள். உம்மாவின் குரலா, வாப்பாவின் படமா, பிள்ளை முதன்முதலில் நடந்த வீடியோவா? அதை மட்டும் எடுத்து இன்னோரிடத்தில் வையுங்கள். ரவுட்டரும் பெட்டியும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். எனது மாணவனின் தாய்க்கு என்னால் உதவ முடியவில்லை. இதை வாசிக்கும் ஒருவருக்காவது அந்த நிலை வராவிட்டால் இந்தப் பக்கம் எழுதியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.

அடுத்த இதழில் சந்திப்போம்.