அவள் பட்டதை நோய் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய தலைமை மருத்துவர் ஐயா அவர்களுக்கு,

தேனாம்பேட்டையில் தாங்கள் நடத்தும் மனநல மையத்தின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. நேரிலும் கடிதத்திலும் முறையிட்டுப் பதில் வராததால் பொதுவில் எழுதுகிறேன். சாதியின் பேரில் பாகுபாடு கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்வது தங்களுக்குத் தெரியாததல்ல. தங்கள் ஆலோசகரின் அறையில் என் அக்கா மகளுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலாண்டு பொறியியல் படிக்கிறாள். விடுதியில் சேர்ந்ததுமே, "உன் கட்-ஆஃப் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி எதற்கு என்று தமிழ்நாட்டில் கல்லூரி வாசலை மிதித்த எல்லோருக்கும் தெரியும். மதிப்பெண்ணைச் சொன்னால் எந்த ஒதுக்கீடு என்று கணக்குப் போட்டுவிடலாம். சொன்னாள். அன்றிலிருந்து அறையில் ஊறுகாய் பாட்டில்கூடப் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. மெஸ்ஸில் இவள் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றது. தூக்கம் போய், சோறு இறங்காமல் துரும்பாக இளைத்த பிறகே தங்களிடம் அழைத்து வந்தோம்.

ஆலோசகர் சொந்த ஊரைக் கேட்டார். பிறகு, ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொல்லி அழுது முடித்ததும், "சென்னையில இப்ப யாரும்மா சாதி பாக்குறாங்க? நீயா நெனச்சுக்கிற" என்றார். தெருவைக் கேட்ட அதே வாய். கோப்பில், 'பிறரைக் காரணமின்றிச் சந்தேகிக்கிறார்' என்று எழுதி, மாத்திரைக்கு அனுப்பிவைத்தார்.

ஆலோசகர் கனிவாகத்தான் பேசினார் என்று அவளே சொல்கிறாள். எனக்குப் பயமாக இருப்பதே அதனால்தான். திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பாள். இப்போதோ, "சித்தி, நான்தான் தப்பா எடுத்துக்கிறேனோ?" என்று இரவில் கேட்கிறாள். விடுதிக்காரர்கள் சோற்றைத்தான் கெடுத்தார்கள். உங்கள் அறை, அவள் தன் கண்ணையே நம்பாதபடி செய்துவிட்டது.

பட்டவரையே நோயாளி ஆக்குவது மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், தப்பியோடும் கறுப்பின அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாகச் சொல்லி அதற்குப் பெயரும் வைத்தார். சவுக்கைப் பற்றி ஆராயாமல், அடிபட்டவரின் மூளையை ஆராய்ந்த மருத்துவம் அது. நிறவெறிக்குத் துணைபோனதற்காக அமெரிக்க உளவியல் சங்கம் 2021-இல்தான் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில், தன்பாலின இணையர் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்குள்ளும் முன்முடிவுகள் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஒரு நீதிபதி உங்கள் துறையைத் தேடி வந்து தன்னைச் சோதித்துக்கொள்கிறார். அந்தத் துறையில் இருக்கும் நீங்கள் எப்போது சோதித்துக்கொள்ளப் போகிறீர்கள்? 'நான் ஏன் தெருவைக் கேட்டேன்' என்று உங்கள் ஆலோசகர்களில் ஒருவரையாவது உட்காரவைத்து யோசிக்கச் சொன்னதுண்டா?

நாளைக்கு இன்னொரு பிள்ளை அதே நாற்காலியில் வந்து உட்காரும். அதற்குச் சித்தி இருக்கிறாளோ இல்லையோ!

என் அக்கா மகளின் கோப்பில் எழுதிய அந்த வரியை அடியுங்கள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுங்கள். திருத்திய கோப்பின் நகலை என்னிடம் தர வேண்டாம், அவளைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
அவள் சித்தி