அரங்கு முதலா, ஆடுகளம் முதலா?

கல்லூரி மைதானத்திலே உதைபந்தாட்டம் பார்க்க வருவோர்க்கு இருக்கை போதாது. ஆகையால் பார்வையாளர் அரங்கைப் பெருப்பித்துக் கட்டவேண்டும் என்கின்றனர் ஒரு சாரார். வடக்கே கற்பிட்டி முனை தொடக்கம் தெற்கே முந்தல், உடப்பு வரையும், புத்தளம் மாவட்டக் கரையோரத்துக் கல்லூரிகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இக்கோரிக்கையும் உடன் எழுகின்றது. பழைய மாணவர் கூட்டத்திலே எழுகின்றது. தேர்தல் மேடையிலே அதனினும் உரத்து எழுகின்றது. கேட்போர் கைதட்டுகின்றனர். கொங்கிறீற்றை வாக்களித்தவன் எவனும் கைதட்டலுக்குப் பஞ்சப்பட்டதில்லை.

நாம் கைதட்டவில்லை. அதற்குரிய காரணத்தைக் கமக்காரர் முன்னும் கற்றோர் முன்னும் எடுத்துவைப்பது எமது கடமையாகின்றது.

எதிர்வாதியின் வழக்கை முதலில் நேர்மையாகக் கூறுவது நீதிமன்றம் எமக்குக் கற்பித்த ஒழுக்கம். அவர்கள் கூறுவன மூன்று. கொளுத்தும் வெயிலிலே முதியோரும் சிறுவரும் கால்கடுக்க நிற்கின்றனர் என்பது ஒன்று. பெண்கள் வந்து அமர்ந்து பார்க்கத் தகுந்த இடமில்லை என்பது இரண்டு. இருக்கை பெருகினாற் கூட்டம் பெருகும், கூட்டம் பெருகினால் வருவாயும் கல்லூரியின் பெயரும் பெருகும் என்பது மூன்று. முதலிரண்டும் உண்மை, அவற்றை மறுப்பார் மனச்சாட்சியற்றவர். மூன்றாவது வெறுங் கனவு. உண்மையான இரு குறைகளைக் காட்டி ஒரு கனவை விற்கின்றார்களே, அதையே நாம் எதிர்க்கின்றோம்.

கனவை விட்டுக் கணக்குக்கு வருவோம். உதைபந்தாட்ட விதிகளின்படி ஆடுகளத்தின் நீளம் 90 முதல் 120 மீற்றர். அகலம் 45 முதல் 90 மீற்றர். சர்வதேசப் போட்டிகளுக்கு வழக்கமாய்க் கொள்ளும் அளவு 105க்கு 68 மீற்றர். இருக்கை வரிசை ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை அடி ஆழம் வேண்டும். பத்து வரிசை கட்டினால் இருபத்தைந்து அடி. இருபுறமும் கட்டினால் ஐம்பது அடி. நடைபாதையும் வேலியும் இதற்குப் புறம்பு. இந்த ஐம்பது அடி எங்கிருந்து வரும்? வானத்திலிருந்து வராது. பிள்ளைகள் ஓடும் நிலத்திலிருந்தே வரும். அதே மைதானத்திலேதான் ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டியும் நடைபெறுகின்றது. 400 மீற்றர் ஓடுபாதை ஒன்றுக்குத் தொண்ணூறு மீற்றருக்கு மேற்பட்ட அகலம் வேண்டும். அரங்கு ஒருபுறம் விழுங்க, வேலி மறுபுறம் விழுங்க, எஞ்சிய நிலத்தில் அஞ்சல் ஓட்டம் எப்படி நடக்கும்? பார்ப்பவனுக்கு இடம் தேடி ஆடுபவனின் இடத்தைப் பறிப்பது எந்த ஊர் நியாயம்?

பெரிய அரங்கு பெரிய ஆட்டத்தை ஈன்றெடுக்கும் என்று இன்னும் நம்புவோர் அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவவை நினைத்துப் பார்க்கட்டும். 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கென அங்கே 35,000 பேர் அமரத்தக்க கிரிக்கெட் அரங்கு எழுந்தது. அவ்வுலகக் கிண்ணத்தில் அங்கு நடந்த ஆட்டங்கள் இரண்டே இரண்டு. அதன்பின் ஆண்டின் பெரும்பகுதியும் அவ்விருக்கைகளில் அமர்ந்திருப்பது வெயிலும் காற்றுமே. நாடு முழுவதும் பித்தாய் விரும்பும் கிரிக்கெட்டுக்கே இக்கதியானால், உதைபந்தாட்டத்துக்கு என்ன கதி? இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் 2023 சனவரியில் உலகச் சம்மேளனத்தால் இடைநிறுத்தப்பட்டு, ஆகஸ்டிலேயே விடுவிக்கப்பட்டது. அவ்வாண்டிலே உலகத் தரவரிசையில் எமது நாடு 200ஆம் இடத்துக்கும் கீழே கிடந்தது. இருக்கை குறைந்ததனாலா இந்த இழிவு நேர்ந்தது?

இனி, ஐஸ்லாந்து என்னும் பனித்தீவை நோக்குவோம். அதன் மக்கள் தொகை 2016இல் ஏறத்தாழ மூன்று இலட்சத்து முப்பதினாயிரம். எமது புத்தளம் மாவட்டத்தின் தொகையோ 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7,62,396. ஐஸ்லாந்து எம்மிற் பாதியுமில்லை. அத்தீவு 2016இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியிலே இங்கிலாந்தை 2க்கு 1 என வென்று கால் இறுதிக்குச் சென்றது. 2018இல் உலகக் கிண்ணத்திலும் ஆடியது. அப்போது அவர்களுடைய தேசிய அரங்கின் இருக்கைகள் பத்தாயிரத்துக்கும் குறைவு! பின் எதைக் கட்டினார்கள்? பனிக்காலத்திலும் ஆடக் கூரையிட்ட ஆடுகளங்களைக் கட்டினார்கள். பள்ளிகளின் அருகே நூற்றுக்கு மேற்பட்ட சிறு ஆடுகளங்களை அமைத்தார்கள். சிறுபிள்ளைகளுக்குங்கூட முறையாகத் தேர்ச்சிபெற்ற பயிற்றுநரை வைத்தார்கள். அவர்கள் செலவழித்தது ஆடும் காலுக்கு. எம்மவர் செலவழிக்கச் சொல்வது அமரும் நாற்காலிக்கு.

கமக்கார நண்பர்களே, கற்பிட்டிக் குடாநாட்டின் மணலிலே வெங்காயம் விளைவிப்போர் நீங்கள். நடுவதற்கு முன் களஞ்சியம் கட்டுபவன் உங்களுள் உண்டோ? கிணற்றைப் பார்த்து, நீரைப் பார்த்து, பாத்தி கட்டிய பின்னரே நாற்றுக்குக் கை நீட்டுகின்றீர்கள். மணலிலே நீர் நில்லாது என்பதும், நீரில்லாதவிடத்துப் பச்சை நில்லாது என்பதும் உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மணலிலேதான் உங்கள் பிள்ளை வெறுங்காலுடன் பந்தை உதைக்கின்றான். மாரியிலே நீர் தேங்குவதும், கோடையிலே புழுதி பறப்பதும், ஆடும் கழுதையும் உள்ளே புகுந்து மேய்வதுமான களத்தின் அருகே பல இலட்சம் ரூபாவிற் படிக்கட்டு எழுப்புவது, பிள்ளை பெறுமுன் பெயர் வைத்த கதையன்றோ?

மேலும் ஒன்று கூறுவோம். இக்கரையோரத்து மைதானங்களிலே முஸ்லிமும் தமிழரும் சிங்களவரும், பள்ளிவாசலிலிருந்தும் கோயிலிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் வந்து, ஒரே கோட்டோரத்தில் நின்று ஆட்டம் பார்க்கின்றனர். 1990 ஒக்டோபரிலே விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளத்துக்கே வந்தனர்; அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் இங்கே இருக்கின்றனர். மண்ணில் நிற்போரிடையே முதல் வகுப்பு இரண்டாம் வகுப்பு இல்லை. கொங்கிறீற்று அரங்கு எழுந்த மறுநாளே கூரையின் கீழ்ப் பிரமுகருக்குச் சாய்வு நாற்காலி, வெயிலிலே பொதுமக்களுக்குச் சூடேறிய படி என்ற பிரிவினை தொடங்கிவிடும். யாருடைய கால்வலியைக் காட்டி நிதி திரட்டினார்களோ, அவர்களே ஈற்றில் வெயிலில் இருப்பர்.

அவசரக் கட்டடத்தின் ஆபத்தையும் மறத்தலாகாது. அண்டை நாட்டுக் கேரளத்திலே, 2020 சனவரியில், பாலக்காட்டில் ஒரு மறைந்த ஆட்டக்காரரின் குடும்பத்துக்கு உதவுதற்கென நடந்த போட்டியிலே பார்வையாளர் அரங்கு சரிந்து பலர் காயமுற்றனர். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டத்திலே மீண்டும் அதே அவலம். பிரித்தானியாவில் 1971இல் கிளாஸ்கோ நகரத்து ஐப்ரொக்ஸ் அரங்கின் படிக்கட்டிலே 66 உயிர்கள் நெரிபட்டு மாண்ட பின்னரே, 1975இல் விளையாட்டு மைதானப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பிணங்களை எண்ணிய பின் சட்டம் தேடும் வழக்கம் எமக்கு வேண்டாம். அரங்கு சரிந்தால், திறப்பு விழாவிலே நாடா வெட்டியவர் நீதிமன்றப் படியேறமாட்டார். அதிபரும் ஆசிரியருமே ஏறுவர்.

ஆயின், இருக்கையே கூடாதென்பதா எம் வாதம்? இல்லை. வரிசையை மாற்றுங்கள் என்பதே எம் வாதம். முதலாவது, களத்தைச் சமப்படுத்தி, வடிகால் வெட்டி, கிணறும் தூவல் நீர்ப்பாசனமும் அமைத்துப் புல் வளர்க்கவேண்டும். இரண்டாவது, முழுநேரப் பயிற்றுநர் ஒருவரும், மாணவியர்க்கு ஆடும் நேரமும், உடைமாற்றும் அறையும் மலசலகூடமும் குடிநீரும் வேண்டும். மூன்றாவது, எல்லையோரம் மண்ணணை எழுப்பிப் புல் பதித்து, அதன் புறத்தே வேம்பும் பூவரசும் நடவேண்டும். முதியோர்க்கு நிழலும், பெண்களுக்குத் தனியான ஒரு பக்கமும், கொங்கிறீற்றுச் செலவின் சிறு பங்கிலேயே கிடைத்துவிடும். இவையெல்லாம் நிறைவேறி, மண்ணணையும் கொள்ளாத கூட்டம் வருமாயின், அன்று அரங்கு கட்டலாம். பொறியியலாளரின் அத்தாட்சியும் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியும் பெற்று, ஓடுபாதையில் ஓர் அடியும் தொடாது கட்டலாம். அடிக்கல்லுக்கு நாமே மண் சுமப்போம்.

அதுவரை வாசகர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமகன் ஒவ்வொருவரின் கையிலும் இருக்கின்றது. அரசாங்கப் பாடசாலையில் ஓர் அரங்கு கட்டப்போவதாகக் கேள்வியுற்றால், மதிப்பீடு எவ்வளவு, கேள்விப்பத்திரம் எவருக்கு, மைதானத்தில் எத்தனை அடி போகும் என்று எழுத்திலே கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் முடிவை அறிவித்தல் வேண்டும். சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் அவ்விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள், கமக்காரர் கையொப்பமிடுங்கள்.

கல்லூரி மைதானம் பிரமுகரின் ஆதனமன்று. பழைய மாணவரின் நினைவுச் சின்னமுமன்று. இன்று ஆறாம் வகுப்பிலே படிக்கும் பிள்ளையின் உடைமை அது. அப்பிள்ளைக்குக் கூட்டத்திலே வாக்கில்லை. ஆகவே அதன் வாக்கை நாம் அளிக்கின்றோம். ஆடுகளம் முதலில், அரங்கு அதன் பின்னர்.