வீட்டுக் கணினியின் சாவி யாரிடம்?

பல வீடுகளில் பிள்ளை விளையாடும் கணினியில்தான் தந்தையின் வங்கிக் கணக்கும், மகளின் கல்லூரிப் பாடங்களும், குடும்பப் புகைப்படங்களும் இருக்கின்றன. அதில் ‘வேலரன்ட்’ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை நிறுவினால், கூடவே ‘வேன்கார்ட்’ என்ற காவல் மென்பொருளும் வந்து அமர்கிறது. விளையாட்டைத் திறக்கும்போது அல்ல, கணினியை இயக்கும்போதே அது விழித்துக்கொள்கிறது.

சீனாவின் டென்சென்ட் நிறுவனத்துக்குச் சொந்தமான ரையட் கேம்ஸ் 2020ல் இதைக் கொண்டுவந்தது. 2024ல் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டுக்கும் கட்டாயமாக்கியது.

நிறுவனங்கள் சொல்லும் காரணம் பொய்யல்ல. சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிராளியைக் காட்டும், குறியைத் தானாகவே சரிசெய்யும் மோசடி மென்பொருட்கள் காசுக்கு விற்கப்படுகின்றன. நேர்மையாக விளையாடும் பிள்ளைகள்தான் தோற்கிறார்கள். அந்த மோசடி மென்பொருட்கள் கணினியின் மையப் பகுதியான ‘கெர்னல்’ வரை இறங்கிப் பதுங்கியதால், காவலரும் அங்கேயே இறங்கினர். ஆனால் கெர்னலில் இருப்பவருக்குப் பூட்டிய அறை என்று எதுவும் கிடையாது. ஒரு விளையாட்டில் திருடனைப் பிடிக்க, வீட்டின் எல்லாச் சாவிகளையும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சாவி கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. அமெரிக்காவில் ஈ.எஸ்.இ.ஏ. என்ற இணைய விளையாட்டுப் போட்டி அமைப்பின் மோசடித் தடுப்பு மென்பொருள் வழியாக, 2013ல் சுமார் 14,000 கணினிகளில் உரிமையாளர்களுக்குத் தெரியாமல் பிட்காயின் தோண்டப்பட்டது. ஊழியர் ஒருவரின் வேலை என்றது நிறுவனம். நியூஜெர்சி அரசின் நடவடிக்கை 10 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

‘கென்ஷின் இம்பாக்ட்’ விவகாரம் இன்னும் விபரீதமானது. அதன் மோசடித் தடுப்பு டிரைவரைத் தாக்குதல்காரர்கள் ஆயுதமாக்கியதை டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் 2022ல் வெளியிட்டது. முறையான டிஜிட்டல் கையொப்பம் இருந்ததால் விண்டோஸ் அதை நம்பியது. அதை வைத்து வைரஸ் தடுப்பை முடக்கிவிட்டு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டார்கள். பாதிக்கப்பட்ட கணினியில் அந்த விளையாட்டே இருந்திருக்க வேண்டியதில்லை!

கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் வெளியிட்ட ஒரு தவறான அப்டேட் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதினார்கள். அது விளையாட்டு மென்பொருள் அல்ல. இயங்கிய இடம் அதே கெர்னல்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தன் கணினியைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்பவரே இப்போது சந்தேகத்துக்குரியவர் ஆகிறார். மோசடியைக் காரணம் காட்டி 2024 அக்டோபரில் ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ விளையாட்டு லினக்ஸ் பயனர்கள் அனைவருக்கும் கதவை மூடியது. அவர்களில் பெரும்பாலோர் எந்த மோசடியும் செய்யாதவர்கள்.

இதற்கெல்லாம் சம்மதம் கொடுப்பது யார்? பெரும்பாலும் ‘ஆம்’ பொத்தானை அவசரமாக அழுத்தும் 14 வயதுப் பையன். ஸ்டீம் தளம் 2024 முதல், கெர்னலில் இயங்கும் காவல் மென்பொருள் இருந்தால் விளையாட்டின் பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று கட்டாயமாக்கியுள்ளது. வாங்குமுன் பெற்றோர் அதைப் பார்க்கலாம். வங்கி வேலைக்கு வேறு கணினி இருந்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே வேலரன்ட் நிறுவியிருந்தால், விளையாட்டை நீக்குவது மட்டும் போதாது. மென்பொருள் பட்டியலில் வேன்கார்டையும் தேடித் தனியாக நீக்க வேண்டும்.