டர்போ போச்சு சார்!

மதுராந்தகம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கரும்பு லாரியை முந்தப் போனேன். பாதி தூரம் முந்தியிருப்பேன். காரில் இருந்த தெம்பு சட்டென்று வடிந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி, 'இதுக்கு மேல என்னால ஆகாது' என்கிறது. இடது பக்கம் கரும்பு, பின்னால் ஹாரனை விட்டுக் கையெடுக்காத ஆம்னி பஸ், பின் சீட்டில் பேத்தி. எப்படியோ ஒதுங்கி நிறுத்தினேன். டேஷ்போர்டில் மஞ்சளாய் ஒரு சின்ன இன்ஜின் படம் எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து சென்னை வரை மாட்டுவண்டிப் பயணம்தான்.

மறுநாள் சர்வீஸ் சென்டர். ஏ.சி. அறை, காபி, சோபா எல்லாம் உண்டு. டை கட்டிய இளைஞர் ஒருவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகினார். பானெட்டைத் திறக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வந்தார்.

"டர்போ போச்சு சார். மாத்தணும்."

எஸ்டிமேட்: 86,400 ரூபாய்.

"டர்போதான் போச்சுன்னு எப்படித் தெரியும் தம்பி?"

"மிஷினே சொல்லுது சார். பி0299."

அந்த 'மிஷினே சொல்லுது'வைப் பற்றித்தான் இந்த வாரம். ஏனென்றால் மிஷின் அப்படிச் சொல்லவே இல்லை.

மிஷின் என்னதான் சொன்னது? டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு காற்றாடி. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி, வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அமுக்கிய காற்று சூடாகிவிடும். அதனால் முன்பக்கம் இன்டர்கூலர் என்ற ரேடியேட்டர் மாதிரியான பெட்டி வழியாகப் போய், குளிர்ந்து, ரப்பர் ஹோஸ் வழியாக இன்ஜினுக்குப் போகிறது. 'இந்த நேரத்தில் இவ்வளவு அழுத்தம் வேண்டும்' என்று இன்ஜினின் கம்ப்யூட்டர் கேட்கிறது. 'இவ்வளவுதான் வந்திருக்கிறது' என்று ஒரு சென்ஸார் சொல்கிறது. கேட்டதற்கும் வந்ததற்கும் இடையில் பெரிய பள்ளம் விழுந்து, அது சில விநாடிகள் நீடித்தால் கம்ப்யூட்டர் எழுதி வைக்கும் குறிப்புதான் பி0299. இன்ஜினைக் காப்பாற்ற சக்தியையும் குறைத்துவிடும். மதுராந்தகத்தில் எனக்கு நடந்தது அதுதான்.

அதாவது மிஷின் சொன்னது, 'காற்றழுத்தம் குறைவு' என்ற ஒரே வாக்கியம். ஏன் குறைவு என்று அதற்குத் தெரியாது. ஹோஸ் கிழிந்திருக்கலாம். க்ளாம்ப் தளர்ந்திருக்கலாம். இன்டர்கூலரில் விரிசல் இருக்கலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டர்போவை இயக்கும் வேக்குவம் குழாய் வெடித்திருக்கலாம். அதைக் கட்டுப்படுத்தும் சின்ன வால்வு சிக்கியிருக்கலாம். இ.ஜி.ஆர். வால்வு மூடாமல் நிற்கலாம். சென்ஸாரே பொய் சொல்லலாம். கடைசியாக, டர்போவே போயிருக்கலாம். இந்தப் பட்டியலில் விலை அதிகமான ஒன்றைத்தான் தம்பி முதலில் எடுத்தார்.

தர்மாமீட்டர் 102 காட்டுகிறது. உடனே 'டைஃபாய்டு, அட்மிஷன் போடுங்க' என்று ஒரு டாக்டர் சொன்னால் சட்டையைப் பிடிக்க மாட்டோமா? ரத்தப் பரிசோதனை எங்கே என்று கேட்க மாட்டோமா? கார் விஷயத்தில் மட்டும் நாம் தலையாட்டுகிறோம். திரையில் ஆங்கில எழுத்தும் நாலு எண்ணும் தெரிந்தால் போதும், அது அசரீரி ஆகிவிடுகிறது.

இந்த கோட் எதற்காகப் பிறந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவில் காற்று கெட்டு, கார்களின் புகையைக் கண்காணிக்க வேண்டிய கட்டாயத்தில் வந்த ஏற்பாடு இது. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு ஓபிடி-2 என்ற பொதுமுறை கட்டாயமானது. எல்லா காருக்கும் ஒரே மாதிரி 16 பின் சாக்கெட், பொதுவான கோட் பட்டியல். நம் ஊரில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரலிலிருந்து ஓபிடி-2 வந்தது. 'புகை கெடுகிறது, யாராவது பாருங்கள்' என்று மணி அடிப்பது அதன் முதல் வேலை. மணி அடித்தால் எழுந்து போய்ப் பார்ப்பது மனிதன் வேலை. நாம் மணியையே வைத்தியர் ஆக்கிவிட்டோம்.

எஸ்டிமேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆலந்தூர் பக்கம் ஒரு சந்துக்குப் போனேன். தகரக் கூரை, வேப்பமரம், டீ கிளாஸ். எல்லோரும் அவரை பாய் என்பார்கள். பாய் கருவியைத் தொடவே இல்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"எப்ப சார் பவர் போச்சு? எந்த கியர்? ஏத்தமா, சமமா? கறும்புகை வந்துச்சா? ஏதாச்சும் சத்தம்?"

சத்தம்! ஒரு வாரமாகவே 'குக்கர் விசில் மாதிரி உஸ்ஸுனு கேக்குது' என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான்தான் காதில் வாங்கவில்லை. சொன்னேன். பாய் சிரித்தார். அப்புறம்தான் தன் ஸ்கேனரைச் செருகினார். முகம் மாறியது.

"கோடை அழிச்சுட்டாங்களே சார்! கூடவே சாட்சியும் போச்சே."

கோட் பதியும் அந்த நொடியில் இன்ஜின் வேகம் என்ன, லோடு என்ன, வெப்பம் என்ன என்று கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளும். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். குற்றம் நடந்த இடத்தைப் போலீஸ் வருவதற்கு முன் கழுவிவிடுவது மாதிரி. சர்வீஸ் சென்டரில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். செல்போனில் ஒரு ஆப் வைத்துக்கொண்டு 'லைட்டை அணைச்சுட்டேன் சார், இருநூறு ரூவா' என்கிற சில தெருமுனை மேதைகளும் இதையேதான் செய்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரே தராசில்தான் வைக்கிறேன்.

பாய் சாவியை மட்டும் திருப்பினார், இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. அப்போது இன்ஜின் காற்றை இழுக்காது. சென்ஸார் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். கடலோரச் சென்னையில் அது சுமார் 100 கிலோபாஸ்கல். ஊட்டியாக இருந்தால் 77 பக்கத்தில் இருக்கும். 100 காட்டியது. சரி, சென்ஸார் மேல் பெரிதாகச் சந்தேகப்பட வேண்டாம். செலவு பூஜ்யம்.

அடுத்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர் 220 கேட்கிறது, 150தான் வருகிறது. திரும்பி வந்து இன்ஜின் ஆறியதும், டர்போவின் வாய்க் குழாயைக் கழற்றி விரலால் தண்டை ஆட்டிப் பார்த்தார். பெரிய ஆட்டம் இல்லை, இறக்கைகள் எங்கும் உரசவில்லை. கடைசியாகக் காற்றுப் பாதையை ஒரு மூடியால் அடைத்து, அளவாகக் காற்றழுத்தம் கொடுத்து, ஹோஸ் முழுக்க சோப்புத் தண்ணீர் தெளித்தார். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்க்கிற அதே வித்தை. இன்டர்கூலரிலிருந்து போகும் ஹோஸின் அடிப்பக்கத்தில் நுரை பொங்கியது. சும்மா பார்த்தால் தெரியாத கிழிசல். அழுத்தம் வந்தால்தான் வாயைத் திறக்கும்.

ஹோஸ் 2,150. கூலி 1,200. ஆக 3,350 ரூபாய். சர்வீஸ் சென்டர் கேட்டது ஏறக்குறைய 26 மடங்கு.

இதில் எனக்கு வயிற்றைக் கலக்கியது பணம் அல்ல. நான் அங்கேயே தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டர்போவை மாற்ற ஹோஸைக் கழற்றியிருப்பார்கள். கிழிசல் கண்ணில் பட்டிருக்கும். அதையும் மாற்றி பில்லில் ஒரு வரி சேர்த்திருப்பார்கள். கார் பிரமாதமாக ஓடியிருக்கும். 'பாத்தீங்களா சார், டர்போ மாத்தினதும் சரியாயிடுச்சு' என்பார் தம்பி. நானும் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன். தப்பான வைத்தியம் ஜெயித்திருக்கும், யாருக்குமே தெரிந்திருக்காது. நம்மில் எத்தனை பேர் வீட்டுப் பழைய பில்களில் இப்படி ஜெயித்த வைத்தியங்கள் இருக்கின்றனவோ.

நிஜமாகவே டர்போ போகும் வண்டிகளும் உண்டு. ஆனால் பல சமயம் அதன் சாவுக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கும். ஆயில் மாற்றாமல் விட்டது, ஆயில் போகும் குழாய் அடைத்தது. அதைப் பார்க்காமல் புது டர்போவை மாட்டினால் அதுவும் சீக்கிரமே முந்தையதன் வழியில் போகும். அப்போதும் கண்டுபிடிப்பதுதான் வேலை. மாற்றுவது அதற்கு அப்புறம்.

டை கட்டிய தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரை அப்படி உட்கார வைத்த கணக்கின் மேல்தான் கோபம். ஒன்றரை மணி நேரம் குனிந்து சோப்புத் தண்ணீர் அடித்து ஒரு கிழிசலைக் கண்டுபிடித்தால் பில்லில் என்ன ஏறும்? கொஞ்சம் கூலி. ஒரு டர்போவை விற்றால்? கண்டுபிடிப்பதற்குக் காசு கிடையாது, மாற்றுவதற்குக் காசு உண்டு என்று வைத்துவிட்டால், கண்டுபிடிக்கத் தெரிந்தவன் மெல்ல மெல்ல காணாமல் போவான். வாடிக்கையாளரான நாமும் இதில் கூட்டு. 'சும்மா பாத்துச் சொல்றதுக்கு ஐந்நூறு ரூவாயா?' என்று கேட்கிறவர்கள் நாம்தானே? பார்ப்பதற்குக் கொடுக்க மனமில்லாத ஐந்நூறைத்தான் பிறகு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம்.

'இந்தக் காலத்து கார் எல்லாம் கம்ப்யூட்டர் சார், தெரு மெக்கானிக்குக்கு என்ன தெரியும்?' என்று ஒரு வாதம் உண்டு. தெரியவிடாமல் செய்தது யார்? கம்பெனியின் முழு ஸ்கேனரும், ரிப்பேர் புத்தகமும், அசல் பாகமும் வெளி ஆளுக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்துவிட்டு, அவனுக்குத் தெரியாது என்று சொல்வது, கிணற்றைப் பூட்டிவிட்டு அவன் குளிக்கவில்லை என்று மூக்கைப் பொத்துவது மாதிரி.

இது என் கற்பனைக் குற்றச்சாட்டு அல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது, இதற்காகத்தான். உதிரி பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக மிரட்டக் கூடாது என்றது உத்தரவு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் போயின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் இதையே வாக்கெடுப்புக்கு விட்டு, மக்கள் பெருவாரியாக ஆதரித்துச் சட்டமாக்கினார்கள். நம் மத்திய அரசு 2022-ல் 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு கமிட்டி போட்டது, ஒரு இணையதளமும் திறந்தது. கமிட்டியும் தளமும் நல்லதுதான். ஆலந்தூர் சந்தில் பாய் கையில் அந்த முழு ஸ்கேனரும் ரிப்பேர் புத்தகமும் நியாயமான விலைக்கு வந்து சேரும்போதுதான் அது உரிமை. அதுவரை அறிவிப்பு.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. மஞ்சள் விளக்கு எரிந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். கோட் நம்பர் என்ன, எழுதிக் கொடுங்கள். அழிப்பதற்கு முன் அந்த நேரத்துப் பதிவைக் காட்டுங்கள். இந்தக் கோடுக்கு வேறு என்னென்ன காரணம் இருக்கலாம்? அதில் எதையெல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு இந்தப் பாகத்துக்கு வந்தீர்கள்? பதில் வந்தால், அந்தச் சோதனைக்குரிய கூலியைச் சந்தோஷமாகக் கொடுங்கள். 'மிஷினே சொல்லுது' என்றால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கிழிந்த ஹோஸை பாய் தூக்கிப் போடப் போனார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. வருகிறவர்கள் 'என்ன சார் இது?' என்று கேட்கிறார்கள்.

'86,400 ரூபாய் டர்போ' என்கிறேன்.