மோட்சத்துக்குப் போக ஏன் ஆளில்லை?

கிறிஸ்தவப் பாதிரிமார்களுக்கு ஒரு பெரிய மனக்குறை ஏற்பட்டிருக்கிறது. அதாவது, இக்காலத்துக் கிறிஸ்தவர்கள் கோயிலுக்கு வருகிறார்கள், காணிக்கை போடுகிறார்கள், பண்டிகை கொண்டாடுகிறார்கள்; ஆனால் பரலோகத்தின்மீது மாத்திரம் அவர்களுக்கு ஆசையே இல்லை; முன்னோர்கள் அதை நினைத்து நினைத்து ஏங்கினார்கள், இவர்களோ சம்பளத்துக்கும் வீட்டுக்கும் பிள்ளைகள் படிப்புக்குமே ஏங்குகிறார்கள் என்பதாகப் பிரசங்கத்தில் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். காரணம் கேட்டால், உலக ஆசை, பணத்திமிர், சாத்தானின் சூழ்ச்சி என்கிறார்கள். சாத்தானை நாம் பார்த்ததில்லையாதலால் அவனுடைய யோக்கியதையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியக்கூடிய காரணங்கள் ஏராளமாய் இருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒருவன்மேல் பழியைப் போடுவானேன் என்றுதான் கேட்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பஸ் நிலையத்தில் வயதான பாதிரியார் ஒருவர் நம் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து, “தம்பி, இன்று இரவு நீங்கள் இறந்துபோனால் எங்கே போவீர்கள்?” என்று கேட்டார். “சுடுகாட்டுக்குத்தான், ஐயா. தாங்கள்?” என்றோம். “பரலோகத்துக்கு. அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை” என்றார். “அப்படியானால் இன்று இரவே புறப்படத் தங்களுக்குச் சம்மதந்தானா?” என்றோம். மனிதர் நல்லவர், கோபித்துக்கொள்ளாமல் சிரித்துவிட்டார். தை மாதத்தில் மகளுக்குக் கலியாணம் வைத்திருப்பதாகவும், மறுநாள் காலையில் சர்க்கரை வியாதிக்காக இரத்தம் சோதிக்க வேண்டியிருப்பதாகவும் சொன்னார். அவரைப் பரிகசிக்க இதை எழுதவில்லை. அவர் சொன்ன இரண்டும் யோக்கியமான காரணங்களே. நமக்கும் அவைதான் காரணம். ஆனால் நாம் மோட்சம் நிச்சயம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களல்ல.

இது ஏதோ ஒரு கிழவரின் பலவீனம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2009-ம் வருஷத்தில் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. புற்றுநோய் முற்றி, இனிப் பிழைப்பதரிது என்ற நிலையிலிருந்த 345 நோயாளிகளைக் கவனித்தார்கள். தங்கள் மத நம்பிக்கையையே பெருந்துணையாகப் பற்றியிருந்தவர்களில் 100-க்கு 11 பேருக்குமேல் கடைசி வாரத்தில் மூச்சு விடவைக்கும் யந்திரத்தைப் பொருத்திக்கொண்டார்கள். அப்படி அதிகமாகப் பற்றாதவர்களிலோ 100-க்கு 4 பேர்கூட அதைப் பொருத்திக்கொள்ளவில்லை! அதாவது, யாருக்கு மேலே வீடு தயாராயிருப்பதாகச் சொல்லப்படுகிறதோ அவர்களே கீழேயுள்ள கட்டிலை விட மனமில்லாமல் இருந்தார்கள். கடவுள் அற்புதம் செய்வதற்கு அவகாசம் கொடுக்கிறார்கள் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். அவகாசம் எதற்கு? இங்கேயே இருப்பதற்குத்தானே?

பாமர மக்கள் கிடக்கட்டும், பரலோகத்தின் சாவி எந்தப் பீடத்தில் இருப்பதாகச் சொல்லப்படுகிறதோ அந்தப் பீடத்தையே பாருங்கள். 1981-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி ரோமாபுரியில் போப் இரண்டாம் ஜான் பால் சுடப்பட்டார். உடனே அவரை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள்; டாக்டர்கள் சுமார் 5 மணி நேரம் ரண சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். அது நல்ல காரியம், நமக்கும் சந்தோஷமே. ஆனால் அதற்குப்பிறகு அவர் குண்டு துளைக்காத கண்ணாடிக் கூண்டு வைத்த மோட்டாரில் பவனி வந்ததற்கு என்ன அர்த்தம்? அதே போப் 1999-ம் வருஷம் ஜூலை மாதத்தில், மோட்சம் என்பது மேகத்துக்குள் இருக்கும் ஓர் இடமல்ல, கடவுளோடு கொள்ளும் ஓர் உறவுதான் என்பதாக விளக்கமும் கொடுத்தார். 12 முத்து வாசலும் தங்க வீதியும் கொண்ட பட்டணத்தைக் காட்டிப் பல நூற்றாண்டுகளாகக் காணிக்கை வாங்கியபின், இடமே இல்லை என்று சொன்னால், பணம் கட்டியவனுக்கு ஆசை எங்கிருந்து வரும்?

நிற்க, ஒரு காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு உண்மையாகவே மோட்ச ஆசை இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. 2-ம் நூற்றாண்டின் கடைசியில், இன்று துருக்கியாக இருக்கிற ஆசியா மாகாணத்தில், அன்டோனினஸ் என்ற ரோமாபுரி அதிகாரியின் முன் ஊரிலிருந்த கிறிஸ்தவர்கள் கூட்டமாய் வந்து தங்களையும் கொல்லும்படி கேட்டார்களாம். அவன் சிலரைத் தண்டித்துவிட்டு, சாகத்தான் வேண்டுமென்றால் உங்களுக்குக் கயிறு கிடைக்கவில்லையா, மலையுச்சி கிடைக்கவில்லையா என்று மற்றவர்களைத் துரத்தினானாம். இதை எழுதிவைத்தவர் கிறிஸ்தவரான டெர்ட்டூலியன்தானே தவிர விரோதிகளல்ல.

அந்த ஆசைக்கு என்ன ஆயிற்று என்பதைக் கவனிக்குமுன், அது எந்த மண்ணில் முளைத்தது என்று பார்க்க வேண்டாமா?

ஜெர்மனியில் பாக் என்ற சங்கீத வித்துவான் இருந்தார். லைப்சிக் நகரத்துக் கோயில்களுக்குப் பாட்டுக் கட்டுவது அவர் உத்தியோகம். இந்த உலகம் போதும், சாவே வா என்று இன்பமாக அழைக்கும் பாட்டுகள் அவர் இசையமைத்தவற்றில் உண்டு. அவற்றில் பேர்போன ஒன்று 1727-ல் பாடப்பட்டது. அதைக் கேட்கிறவர்கள் இன்றும் உருகுகிறார்கள் என்பதும், பாதிரிமார்கள் அதைப் பக்திக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த மனிதரின் வீட்டுக் கணக்கை யாரும் காட்டுவதில்லை. பத்து வயதிற்குள் தாயையும் தகப்பனையும் இழந்தார். 1720-ல் எஜமானுடன் வெளியூர் போய்த் திரும்பியபோது, விட்டுப்போன மனைவி இறந்து அடக்கமும் ஆகியிருந்தாள். இரண்டு மனைவிகளிடமும் பிறந்த பிள்ளைகள் 20. வளர்ந்து ஆளானவர்கள் 10. மற்ற 10 சவப்பெட்டிகளை அந்தத் தகப்பன் தன் கண்ணால் பார்த்தார். இப்படிப்பட்ட ஒருவர், தன் குழந்தைகளை மறுபடி பார்க்கும் இடம் ஒன்று இருக்கவேண்டும் என்று ஏங்கினால், அவரைப் பரிகாசம் செய்கிறவன் மனிதனல்ல. அந்த ஏக்கம் வேத புத்தகத்திலிருந்து வந்ததா, அந்தப் பெட்டிகளிலிருந்து வந்ததா என்பதுதான் நம் கேள்வி.

அவர் வீடு ஏதோ துரதிர்ஷ்டம் பிடித்த வீடு என்று எண்ணவேண்டாம். ஐரோப்பா முழுவதும் அதுவே வழக்கம். 1347-ல் வந்த கொள்ளைநோய் நாலைந்து வருஷத்தில் அந்தக் கண்டத்து ஜனங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வாரிக்கொண்டு போயிற்று. அதெல்லாம் பழைய கதை என்றால், 1900-ம் வருஷ வாக்கில், சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் என்று பேர் வாங்கிய இங்கிலாந்திலேயே பிறந்த 1000 குழந்தைகளில் சுமார் 150 ஒரு வயது முடியுமுன் செத்தன. இன்று அந்தத் தேசத்தில் அப்படிச் சாகிறவை 1000-க்கு ஏறக்குறைய 4.

இந்த 150-ஐ 4 ஆக்கியது யார்? ஜெபமா? ஜெபம் முன்பும் குறைவில்லாமல் நடந்தது. 1854-ல் லண்டனில் காலரா கண்டபோது ஜான் ஸ்நோ என்ற டாக்டர் வீடு வீடாய் விசாரித்து, பிராட் வீதியிலிருந்த ஒரு குழாயடித் தண்ணீரே காரணம் என்று கண்டு, அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். 1858-ல் தேம்ஸ் நதியின் நாற்றம் பார்லிமெண்டுக்குள்ளேயே புகுந்தபிறகு, பூமிக்கடியில் சாக்கடை வெட்டப் பணம் ஒதுக்கினார்கள். அம்மைப்பால், சோப்பு, சுத்தமான பால், நல்ல கூலி, பெண்களுக்குப் படிப்பு இவைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. சாக்கடை வெட்டினவன் பரலோகத்துக்கு விரோதமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனாலும் நம்மைப் போன்ற நாஸ்திகர்கள் நூறு வருஷம் பேசிச் சாதிக்கக்கூடியதை அவன் மண்வெட்டி சாதித்துவிட்டது.

பிரசவ வேதனையின் சங்கதியும் இப்படியே. 1847-ல் எடின்பரோவில் சிம்ப்சன் என்ற டாக்டர் குளோரோபாரம் கொடுத்துப் பிரசவம் பார்த்தபோது, ஸ்திரீ வேதனைப்பட்டே பெறவேண்டும் என்று ஆதியாகமத்தில் சொல்லியிருக்கிறதே என்ற ஆட்சேபனைக்கு அவர் ஒரு பிரசுரமே அச்சிட்டுப் பதில் சொல்லவேண்டியிருந்தது. 1853-ல் விக்டோரியா ராணியே அதை முகர்ந்து பிள்ளை பெற்றார். அந்த அம்மாள் இங்கிலீஷ் சபைக்கே தலைவி என்பதைக் கவனிக்க வேண்டும். அதன்பின் ஆட்சேபனைக்கு அங்கே மதிப்பேது?

இதுவரை சொன்னது துக்கத்தால் வந்த ஆசை. ஆனால் பிறர் ஊட்டிய ஆசை ஒன்று உண்டு. நமது சண்டை அதோடுதான்.

1807-ல் லண்டனில் ஒரு வேத புத்தகம் அச்சிட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த நீக்ரோ அடிமைகளுக்கென்று பொறுக்கியெடுத்த புத்தகம் அது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த ஜனங்கள் தப்பித்து வெளியேறிய கதையை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள். வேலைக்காரர் எஜமானர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதை மாத்திரம் பத்திரமாக விட்டுவைத்தார்கள். கடவுள் வாக்கு என்று சொல்லப்படுவதில் கத்தரிக்கோல் எந்த இடத்தில் பட்டது, எந்த இடத்தில் படவில்லை என்று பாருங்கள்!

பார்படாஸ் தீவில் காட்ரிங்டன் தோட்டம் என்று ஒன்று. அதன் சொந்தக்காரர் தனி மனிதரல்லர். சுவிசேஷத்தைப் பரப்புவதற்கென்றே ஏற்பட்ட இங்கிலீஷ் சங்கம். எஸ்.பி.ஜி. என்ற மூன்றெழுத்துச் சொன்னால் நமது திருநெல்வேலிப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. அவர்கள் அங்கே வைத்த பள்ளிக்கூடங்களையும் ஒடுக்கப்பட்ட மக்கள் அவற்றால் அடைந்த நன்மையையும் நாம் மறக்கவில்லை. அந்தச் சங்கமேதான் பார்படாசில் ஒரு காலத்தில் அடிமைகளின் மார்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சங்கத்தின் பெயரைச் சூடுபோட்டது. 1833-ல் சட்டம் செய்து அடிமைகளை விடுவித்தபோது, பிரிட்டிஷ் சர்க்கார் எஜமானர்களுக்கு 2 கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கியது. மேற்படி சங்கத்துக்கும் 8 ஆயிரம் பவுனுக்குமேல் கிடைத்தது. அடிமைக்கு ஒரு பென்னிகூட இல்லை. எஜமானனுக்கு இங்கேயே ரொக்கம். உழைத்தவனுக்கு மாத்திரம் மேலே கணக்கு! 2006-ல் இங்கிலீஷ் சபையார் கூடி இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். போட்டது நல்லதுதான்.

அமெரிக்காவில் அடிமையாயிருந்து தப்பி ஓடிய பிரெடெரிக் டக்ளஸ் 1845-ல் தன் சரித்திரத்தை எழுதினார். அவருடைய எஜமான் தாமஸ் ஆல்ட் 1832-ல் மெதடிஸ்ட் கூட்டமொன்றுக்குப் போய்ப் பக்திமானாகத் திரும்பினான். இனியாவது அடி குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறையவில்லை, அதிகமாயிற்று. கை விளங்காத ஒரு பெண்ணைக் கட்டிவைத்து அடித்துக்கொண்டே அவன் வேத வாக்கியம் சொல்வானாம். அந்தப் பெண் மோட்சத்துக்கு ஏங்கியிருந்தால் அதில் ஆச்சரியமென்ன? ஆல்டுகள் பூமியில் இருக்கும்வரை வேறு எங்கே போக அவளால் ஆசைப்பட முடியும்?

கிழவர்களுக்கும் இதே பாடந்தான் போதிக்கப்பட்டது. ஆயுள் முழுவதும் ஆலையில் உழைத்துத் தேய்ந்தவனுக்கு, இங்கிலாந்தில் கடைசிக் காலத்தில் தரும விடுதி அல்லது பரலோக இளைப்பாறுதல் என்ற இரண்டே வழிதான் இருந்தன. 1909-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை சர்க்கார் பென்ஷன் கொடுத்தது. மேலே கிடைக்கும் என்று சொல்லப்பட்ட இளைப்பாறுதலில் ஒரு பங்கு தபாலாபீசில் கிடைத்துவிட்டது. 1948-ல் இலவச வைத்தியமும் வந்தது. பிறகு அந்தத் தேசத்துக் கோயில்களில் பெஞ்சுகள் காலியாகிவிட்டன என்று அழுதால் யார் என்ன செய்வது?

வில்பர்போர்ஸ் அடிமை வியாபாரத்தை எதிர்த்தவரல்லவா, 1842-ல் பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட பையன்களையும் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மீட்ட ஷாப்ட்ஸ்பரி பிரபு பக்திமானல்லவா என்று கிறிஸ்தவத் தோழர்கள் கேட்பார்கள். உண்மைதான், அவர்களை வணங்குகிறோம். ஆனால் அவர்கள் செய்தது என்ன? சுரங்கத்துச் சிறுவனை, பொறு தம்பி, மேலே சுகம் உண்டு என்று தேற்றிவிட்டுப் போகவில்லை. மேலே ஒன்றுமே இல்லாதவன் எப்படி அவசரப்படுவானோ அப்படி அவசரப்பட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

மோட்சத்தைப் பற்றி மனிதன் கற்பனை செய்ததிலேயே இது விளங்கும். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் ஆறு இலட்சம் பேருக்குமேல் மாண்டபின், 1868-ல் எலிஸபெத் பெல்ப்ஸ் என்ற அம்மாள் எழுதிய நாவல் வீடுதோறும் படிக்கப்பட்டது. அதில் வரும் மோட்சத்தில் வீடு உண்டு, தோட்டம் உண்டு, பியானோ கூட உண்டு! பியானோவும் தோட்டமும் இங்கேயே தவணையில் கிடைக்க ஆரம்பித்தபின் அங்கே என்ன பாக்கி? ஓயாமல் துதி பாடுவதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் கடிகாரத்தைப் பார்க்கிறவர்களை அதற்கு எப்படி அழைப்பது?

இந்து சகோதரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். கைலாசமே பேரின்பம் என்கிறவர்கள்தான் இங்கே ஆயுள் விருத்திக்கு ஹோமம் வளர்க்கிறார்கள்.

இன்றும் நம்பிக்கை குறையவில்லை, 2021-ல் எடுத்த கணக்குப்படி அமெரிக்காவில் 100-க்கு 73 பேர் மோட்சம் உண்டு என்கிறார்களே என்று சிலர் சொல்லலாம். சொல்லுவார்கள். நம்புவது வேறு, ஏங்குவது வேறு. வடதுருவம் உண்டு என்று நாமும்தான் நம்புகிறோம், டிக்கெட்டு வாங்கவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு நீங்கள் என்ன ஆறுதல் வைத்திருக்கிறீர்கள் என்று நம்மைக் கேட்பதுண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். அவளுக்குக் கொடுக்க நம்மிடத்தில் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறோம். அவள் அழட்டும், நாமும் கூட உட்கார்ந்திருப்போம். ஆனால் அந்தத் தெருவின் தண்ணீர்க் குழாயை மறுநாளே சோதிக்க வேண்டும் என்கிறோம். அடுத்த வீட்டிலும் குழந்தைகள் இருக்கின்றன.

பஸ் நிலையத்தில் பார்த்த அந்தப் பாதிரியார் நம் விலாசத்தை வாங்கிக்கொண்டு போனார். தை மாதத்தில் கலியாண அழைப்பு வந்தது, போயிருந்தோம். மணமக்களுக்காக அவரே எழுந்து நின்று ஜெபம் செய்தார். நீண்ட ஆயுள் கேட்டார், நோயற்ற வாழ்வு கேட்டார், மாப்பிள்ளையின் உத்தியோகம் நிரந்தரமாக வேண்டும் என்று கேட்டார், பேரப்பிள்ளைகளைப் பார்க்கும்வரை தமக்கும் ஆயுள் வேண்டும் என்று கேட்டார். கூடியிருந்த அத்தனை பேரும் உரக்க ஆமென் சொன்னார்கள்.