விரலசைவிற்கும் வேலியா?

காப்புரிமை என்பது ஓர் உடன்படிக்கை. புதியதொன்றைக் கண்டறிந்தவன் அதன் கமுக்கத்தைத் தன்னுள்ளே புதைத்து வையாமல் உலகறிய எடுத்துரைக்கின்றான். அதற்கு ஈடாக, குறித்த சில ஆண்டுகள் வரை பிறர் அதனைச் செய்யாதவாறு தடுக்கும் உரிமையை அரசு அவனுக்கு வழங்குகின்றது. அவ்வாண்டுகள் கழிந்ததும் அக்கண்டுபிடிப்பு ஊர்ப்பொதுவாகிவிடுகின்றது. 1474-இல் வெனிசு நகர அரசு இயற்றிய சட்டத்தின் கருத்தும் இதுவே. 1624-இல் இங்கிலாந்து மன்றம், அரசன் தன் வேண்டியவர்க்கு வாரி வழங்கிய தனியுரிமைகளையெல்லாம் ஒடுக்கிவிட்டு, புதுப்புனைவுகளுக்கு மட்டும் 14 ஆண்டுக் காலத்தை விட்டுவைத்ததன் கருத்தும் இதுவே. 1787-இல் வரையப்பெற்ற அமெரிக்க அரசமைப்புச் சட்டமும், அறிவும் பயன்கலைகளும் வளர்தற்பொருட்டே இவ்வுரிமை என்று அதன் நோக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் உரிமையைச் சொல்கின்றது. பொதுநலனே முடிவு, தனியுரிமை அதற்கு வழி.

பயிரைக் காக்கப் போட்ட வேலி அது. ஆனால் நுகர்பொருள் நுட்பத்துறையின் பெருநிறுவனங்கள் அவ்வேலியைப் பிடுங்கி வேலாக்கிக்கொண்டன. தாம் கண்டறிந்ததைக் காத்துக்கொள்வதோடு அவை அமையவில்லை. எவர்க்கும் பொதுவான வடிவுகளையும் அசைவுகளையும் வளைத்துக்கொள்ளவும், எதிரியின் கடையை அடைக்கவும் அதனை ஏந்தின. இதற்கு ஆப்பிள், சாம்சங்கு என்னும் இரு நிறுவனங்களுக்கிடையே நிகழ்ந்த ஏழாண்டு வழக்கினைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

2007 சனவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன் கைப்பேசியை உலகிற்குக் காட்டியது. 2010-இல் தென்கொரியாவின் சாம்சங்கு நிறுவனம் கேலக்சி எசு என்னும் கைப்பேசியைக் கொணர்ந்தது. 2011 ஏப்பிரல் 15 அன்று ஆப்பிள், கலிபோர்னியாவின் சான் ஓசே நகர அறமன்றத்தில் சாம்சங்கின்மீது வழக்குத் தொடுத்தது. சாம்சங்கும் எதிர்வழக்குத் தொடுத்தது. தென்கொரியா, சப்பான், செருமனி, இங்கிலாந்து, ஆத்திரேலியா என்று நாடுதோறும் வழக்குகள் பரவின. 2012 ஆகத்து 24 அன்று, சான் ஓசேயில் பொதுமக்களினின்று தெரிந்தெடுக்கப்பெற்ற ஒன்பதின்மர் குழு, சாம்சங்கு ஏறத்தாழ 105 கோடி தாலர் இழப்பீடு தரல் வேண்டும் என்று முடிவு கூறியது. உலகமே வியந்த தொகை!

இத்தொகை எதற்கு? புதிய ஆற்றலைப் பிறப்பித்த பொறி எதற்குமன்று. அதன் மிகப் பெரும் பகுதி, கைப்பேசியின் தோற்றத்திற்காக. வட்டித்த மூலைகளையுடைய கருஞ்செவ்வக முகப்பு ஒன்று. அதனைச் சுற்றிய விளிம்பு ஒன்று. முகப்பில் வண்ணப் படவுருக்கள் வரிசை வரிசையாய் அமைந்த அடுக்கு ஒன்று. இம்மூன்று உருவமைப்பு உரிமைகளே வழக்கின் முதுகெலும்பு.

உரிமை அத்தோற்றத்தின் முழுமைக்கேயன்றி மூலைக்கு மட்டுமன்று என்பர் ஆப்பிள் சார்பினர். அஃது உண்மையே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொடுதிரைக்கு முகமெல்லாம் கண்ணாடியாகத்தான் இருத்தல் வேண்டும். எழுத்தையும் படத்தையும் காட்டுவது செவ்வகமாகத்தான் அமையும். சட்டைப்பையில் நுழைவதற்கு மூலை மழுங்கத்தான் வேண்டும். கற்பலகைக்கும் சீட்டுக்கட்டுக்கும் மூலையை வட்டித்தவன் எவன் என்று எவரேனும் வழக்காடியதுண்டா? ஐபோன் வெளிவருவதற்கு முன்பே, 2006 திசம்பரில், எல்சி நிறுவனம் முகமெல்லாம் தொடுதிரையான பிராடா கைப்பேசியை அறிவித்திருந்தது. கருவியின் பயனே கட்டளையிடும் வடிவை ஒருவன் தன் கற்பனை என்று பட்டா எழுதிக்கொள்வது, ஊர்க் கிணற்றிற்குத் தன் பெயரைப் பொறித்துக்கொள்வது போன்றதே.

நாட்டிற்கு நாடு தீர்ப்பு மாறியதே இதன் உறுதியின்மைக்குச் சான்று. 2012 சூலையில் இலண்டன் அறமன்றத்தில் நடுவர் காலின் பிர்சு, சாம்சங்கின் பலகைக் கணிப்பொறிகள் ஆப்பிளின் உருவமைப்பை மீறவில்லை என்று தீர்த்தார். ஆப்பிளின் எளிமையும் கவர்ச்சியும் அவற்றிற்கு இல்லை என்பதே அவர் காட்டிய கரணியம்! மீறவில்லை என்னும் தீர்ப்பை ஆப்பிள் தன் இணையத்தளத்திலேயே அறிவித்தல் வேண்டும் என்றும் ஆணையாயிற்று. அவ்வறிவிப்பிலும் தனக்கேற்ற பிறநாட்டுத் தீர்ப்புகளை அந்நிறுவனம் செருகி வைக்க, மேல்முறையீட்டு மன்றம் அதனைக் கடிந்து திருத்தி வெளியிடச் செய்தது. அறமன்ற ஆணையையும் விளம்பரமாக்க முனைந்த செருக்கை என்னென்பது!

தோற்றத்திற்கு இத்துணைப் பெருந்தொகை எங்ஙனம் வந்தது? அங்கேதான் ஒரு பழஞ்சட்டம் படுத்துக் கிடக்கின்றது. 1885-இல் அமெரிக்கத் தலைமை அறமன்றம், தரைவிரிப்பு உருவமைப்பு பற்றிய வழக்கொன்றில், மீறலால் நேர்ந்த இழப்பு இவ்வளவு என்று மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி, 6 செண்டு மட்டுமே இழப்பீடாகத் தந்தது. அதனால் கொதித்தெழுந்த உற்பத்தியாளரின் குரலுக்குச் செவிசாய்த்த அமெரிக்கப் பேராயம், 1887-இல் புதுச் சட்டம் இயற்றியது. உருவமைப்பைத் திருடியவன், அப்பொருளின் விற்பனையில் தனக்கு எஞ்சிய ஊதியம் முழுவதையும் உரியவனிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பது அச்சட்டம்.

தரைவிரிப்பிற்கு அது பொருந்தும். விரிப்பை வாங்குவோன் அதன் பூவேலையைக் கண்டன்றோ வாங்குகின்றான்! கைப்பேசியோ அத்தகையதன்று. சில்லு, நினைவகம், மின்கலம், ஒளிப்படக் கருவி, அலைவாங்கி, மென்பொருள் என்று எண்ணற்ற புனைவுகள் ஒன்றுகூடிய பொருள் அது. அதன் முகத்தோற்றம் ஒன்றிற்காக முழு ஊதியத்தையும் பறிப்பது, வாயிற்கதவின் வேலைப்பாட்டை ஒத்துச் செய்தான் என்பதற்காக வீட்டையே எழுதி வாங்குவது போலாகும். முதல் தொகை பின்னர்க் குறைக்கப்பட்டு, 2015 திசம்பரில் சாம்சங்கு 54.8 கோடி தாலர் செலுத்தியது, அதில் 39.9 கோடி உருவமைப்பிற்காக. 2016 திசம்பர் 6 அன்று தலைமை அறமன்றத்தின் நடுவர் எண்மரும் ஒருமனமாக, சட்டம் கூறும் 'பொருள்' முழுக் கைப்பேசியாகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை, அதன் ஓர் உறுப்பாகவும் இருக்கலாம் என்று தீர்த்தனர். ஆனால் உறுப்பு எது, முழுமை எது என்று பிரித்தறியும் அளவுகோலை அவர்கள் தரவில்லை. விளைவு யாது? 2018 மே திங்களில் மீண்டும் கூடிய குழு, உருவமைப்பிற்கு மட்டும் 53.3 கோடி தாலர் விதித்தது. குறைக்கச் சென்ற தொகை கூடித் திரும்பியது! அடுத்த திங்களே இரு நிறுவனங்களும் இணங்கி வழக்கை முடித்துக்கொண்டன. எத்தொகைக்கு இணங்கின என்பதை வெளியிடவில்லை. ஊரறியச் சண்டை, கதவடைத்து இணக்கம்.

வடிவோடு நின்றதா இவ்வேலி? விரலசைவிற்கும் வந்தது. இரு விரல்களை விரித்துப் படத்தைப் பெருக்குவது, பட்டியலின் ஈற்றில் திரை துள்ளித் திரும்புவது, இருமுறை தட்டிப் பெரிதாக்குவது ஆகியன பற்றிய உரிமைகளும் 2012-இன் தீர்ப்பில் இடம்பெற்றன. தொடுதிரையைப் பற்றி இங்கிலாந்தின் சான்சன் என்பார் 1965-இலேயே எழுதினார். பல விரல்களின் தொடுகையை ஒருங்கே உணரும் கருவி 1982-இல் தொராண்டோ பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. ஆப்பிளுக்கும் இத்துறை அறிவின் ஒரு பகுதி, 2005-இல் அது விலைக்கு வாங்கிய பிங்கர்வொர்க்சு என்னும் சிறு நிறுவனத்தின் வழியே வந்ததுதான். பலர் கைப்பட்டு வளர்ந்த மரத்தின் கடைசிக் கிளையில் ஏறி அமர்ந்தவன், மரமே தனதென்று முரசறையலாமா?

திரையின்மேல் விரலை இழுத்துப் பூட்டைத் திறக்கும் அசைவின் கதை இன்னும் சுவையானது. சுவீடன் நாட்டு நியோனோடு நிறுவனத்தின் கைப்பேசியில் அவ்வசைவு ஐபோனுக்கு முன்பே இருந்தது. அதனைக் காட்டி 2012-இல் இங்கிலாந்திலும், 2015-இல் செருமனியின் தலைமை மன்றத்திலும் ஆப்பிளின் உரிமை செல்லாதென்று தீர்க்கப்பட்டது. அமெரிக்காவிலோ, அதே அசைவும் சேர்ந்த வேறொரு வழக்கில் 2014-இல் ஏறத்தாழ 12 கோடி தாலர் விதிக்கப்பட்டு, இடையில் ஒருமுறை வீழ்ந்து, 2016-இல் மீண்டும் எழுந்து நிலைத்தது. ஒரே விரல், ஒரே அசைவு. ஒரு கரையில் பொதுச் சொத்து, மறு கரையில் குற்றம்!

இங்ஙனம் கூறுவதால் சாம்சங்கு தூய்மையுடையது என்று எவரும் கருதிவிடல் வேண்டா. தன் கைப்பேசியை ஐபோனோடு உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டு, எங்கெங்கு அதனைப் போலாக்க வேண்டும் என்று 2010-இல் அந்நிறுவனம் அணியப்படுத்திய 132 பக்க அறிக்கை அறமன்றத்தில் காட்டப்பட்டது. பிறன் உழைப்பைப் பார்த்தெழுதும் மாணவனுக்கு மதிப்பெண் தருதல் எவ்வாறு முறையன்றோ, அவ்வாறே இதுவும் முறையன்று. மேலும், கைப்பேசிகள் ஒன்றோடொன்று பேசுதற்கு எல்லாரும் கைக்கொள்ளும் பொது அளவீட்டு நெறிகளுக்கு இன்றியமையாத தன் உரிமைகளை, முறையான கட்டணத்திற்கு எவர்க்கும் தருவதாக வாக்களித்த சாம்சங்கு, அவற்றையே படைக்கலமாக்கி ஐரோப்பாவில் ஆப்பிளின் விற்பனையைத் தடுக்க முயன்றது. ஐரோப்பிய ஆணையம் குற்றஞ்சாட்டிய பின்னரே, 2014-இல் அவ்வழியைக் கைவிடுவதாக உறுதி தந்தது. இதில் பெருவியப்பு என்னவெனின், இவ்வளவு பகையும் மூண்டிருந்த காலத்திலேயே ஐபோனின் தலையாய சில்லுகளைச் செய்து தந்ததும் சாம்சங்குதான். பகை அறமன்றத்தில்; உறவு பட்டறையில்!

இவ்விரு நிறுவனங்களோடு நோய் முடியவில்லை. 1999-இல் அமேசான், ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு உரிமை பெற்றுப் போட்டி நூல் விற்பனையாளரைத் தடுக்க முனைந்தது. அவ்வுரிமை 2017 வரை நின்றது. 2011-இல் நொடித்துப்போன கனடாவின் நார்டெல் நிறுவனத்தின் ஆறாயிரத்திற்கு மேற்பட்ட காப்புரிமைகளை ஆப்பிளும் மைக்கிரோசாப்டும் உள்ளிட்ட கூட்டணி 450 கோடி தாலருக்கு ஏலத்தில் எடுத்தது. அதே ஆண்டில் கூகிள், மோட்டோரோலாவின் கைப்பேசி நிறுவனத்தை 1250 கோடி தாலருக்கு வாங்க ஒப்பியது. 2014-இல் காப்புரிமைகளில் பெரும்பாலானவற்றைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டு, கைப்பேசித் தொழிலை இலெனோவோவுக்கு விற்க முற்பட்டது. தொழிலை விற்றுவிட்டுத் தாளை வைத்துக்கொண்டது என்றால், விலைமதிப்பு எதற்கு என்பது விளங்கவில்லையா? எதிரி வழக்குத் தொடுத்தால் தானும் தொடுப்பதற்கே அத்தாள்கள்.

இவற்றிற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகின்றது? கைப்பேசி வாங்கும் ஒவ்வொருவர் பையிலிருந்தும் வருகின்றது. ஆராய்ச்சிக்குச் செல்லவேண்டிய செல்வமும், பொறியாளர்களின் நேரமும், அறமன்றத்தின் நாள்களும் இவ்வேள்வியில் எரிகின்றன. பெருநிறுவனத்திற்கு வழக்குச் செலவு ஒரு கணக்குவரி. சிறு புனைவாளனுக்கோ அதுவே வாழ்நாள் முடிவு. ஆயிரக்கணக்கான உரிமைத்தாள்கள் கண்ணிவெடிகளாய்ப் புதைக்கப்பட்ட நிலத்தில் எளியவன் எவன் கால் வைப்பான்? புனைவாளரைக் காக்கவே வழக்காடுகின்றோம் என்று பெருநிறுவனங்கள் உருகுவது, ஆடு நனைகின்றதென்று ஓநாய் அழுத கதையேயாகும்.

'உரிமைக் காப்பு இல்லையெனில் எவர் உழைப்பார்?' என்று வினவுவோர் உளர். காப்பு வேண்டா என்பதன்று இங்குள்ள வழக்கு. உண்மையான புனைவிற்கு, அதன் அளவிற்கேற்ற காப்பு வேண்டும் என்பதே. ஐபோனின் வெற்றி அதன் மூலைக்கு வாங்கிய உரிமையால் வந்ததன்று. பொருளின் சிறப்பால் வந்தது. வழக்கு நடந்த ஏழாண்டுகளிலும் இரு நிறுவனங்களும் கோடிக்கணக்கில் கைப்பேசிகளை விற்றுக்கொண்டுதான் இருந்தன. அவ்வழக்கு எவரையும் வாழவைக்கவுமில்லை, வீழ்த்தவுமில்லை. பின் எதற்கு அது?

செய்ய வேண்டுவன தெளிவாகவே உள்ளன. கருவியின் பயனே கட்டளையிடும் வடிவிற்கும், மாந்தக் கையின் இயல்பான அசைவிற்கும் உரிமை வழங்காதிருத்தல் வேண்டும். உரிமை வழங்குமுன் முந்தைய புனைவுகளை அலுவலகம் செவ்வனே ஆய்தல் வேண்டும். 1887-இன் 'முழு ஊதிய' விதியை நீக்கி, மீறப்பட்ட உறுப்பின் மதிப்பளவே இழப்பீடு என்று வரையறுத்தல் வேண்டும். பொது நெறிகளுக்கு இன்றியமையாத உரிமைகளைக் கொண்டு விற்பனைத் தடை கோருவதை எந்த நாட்டிலும் ஏற்றல் கூடாது.

காப்புரிமை, அறிவைப் பொதுவாக்குதற்கு மக்கள் கொடுத்த விலை. விலையைப் பெற்றுக்கொண்டு பொருளையும் பூட்டி வைப்பவன் வணிகன் அல்லன், சூறையாடுவோன். வேலி பயிருக்கு அரணாய் நிற்கும்வரை அதனைக் காத்தல் கடமை. பயிரை மேயத் தொடங்கிய அன்றே அதனைத் திருத்துதலும் கடமை.